கவிழ்த்துப் பார்க்கிற ஊர்

அந்த வாளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

நீல நிற பிளாஸ்டிக் வாளி. வீணாய்ப் போன களிமண்ணையெல்லாம் அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருப்பார்கள், மறுபடி பிசைந்து பயன்படுத்துவதற்காக. மூடியைத் திறந்தால் அடைத்துக்கொண்ட சாக்கடையும் அழுகிய முட்டையும் சேர்ந்து ஒரு வீச்சம் வரும். மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்திருக்கும். அதற்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவச் சொன்னான் கெல்வின். அந்தக் களிமண் வகுப்பில் வேலை சொல்லிக்கொடுக்கிறவன், முப்பது வயதிருக்கும். விரலெல்லாம் காய்ந்த மண். அதே விரலால் உருளைக்கிழங்கு சிப்ஸ் எடுத்துத் தின்றுகொண்டே சொன்னான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"நாத்தம் அடிச்சா நல்ல மண்ணு, கேய்னர். பழசாக ஆகத்தான் சொன்னபடி வளையும்."

"அப்படின்னா எங்க வீட்டை விட்டு ஓடினவனை வச்சுப் பத்து ஜாடி செய்யலாம்பா. அவன் செருப்பைக் கழட்டினா இதே வாசனைதான்" என்றேன், மூக்குவரை சுற்றியிருந்த கழுத்துத் துணிக்குள்ளிருந்து.

பக்கத்து ஸ்டூலில் இருந்த ஒரு பருத்த பெண் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவள்தான் பெவ். பேருந்து நிலையச் சிற்றுண்டிக் கடையில் இருபது வருஷம் முட்டை பொரித்தவள். குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். "நீ வாயைத் திறக்க மாட்டேன்னுல்ல சொன்னாங்க? வாயா இது, கத்தரிக்கோலு!" என்றாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தது உண்மைதான். அதற்குக் காரணம் என் வாய்தான்.

பீங்கானுக்குப் பேர்போன எங்கள் பர்ஸ்லம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் நான் தரம் பிரிக்கிறவளாக இருந்தேன். சூளையிலிருந்து வரும் தட்டைக் கையில் எடுப்பேன், விளக்கில் காட்டுவேன், விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவேன். கணீரென்றால் முதல் ரகம். புள்ளியோ கோணலோ இருந்தால் இரண்டாம் ரகம். டொக்கென்றால் உடைசல், அங்கேயே சுத்தியலால் ஒரு போடு. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தட்டு. குறை எங்கே இருந்தாலும் என் கண் நேரே அங்கேதான் போகும். வீட்டிலும் அப்படித்தான், கல்யாண வீட்டிலும் அப்படித்தான். என் புருஷன் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போகட்டும், சனியன்.

ஒரு காலையில் எழுந்து தேநீர் குடித்தேன், பாதி மார்பில் வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலப்பக்கம் முழுக்கச் சரிந்து கிடந்தது. கண் மூடவில்லை, உதடு தொங்கியது. முகவாதம், பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார்கள். பத்தில் ஏழெட்டுப் பேருக்குச் சரியாகுமாம். மிச்சம் இரண்டு மூன்றில் நான். கடையில் வரிசையில் நின்றபோது ஒருத்தி என்னிடம் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினாள், எனக்குக் காதும் மூளையும் சேர்ந்து போய்விட்டதைப் போல. அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். பதினான்கு மாதம் அந்தத் துண்டு இறங்கவில்லை. இருபத்தாறு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அந்த முகம் என் மேஜைக்கு வந்திருந்தால் சுத்தியலை எடுத்திருப்பேன். அடுத்தவர் பார்க்கச் சாப்பிடுவது என்ற பேச்சே இல்லை. ரொட்டியைக்கூட ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் தின்றேன்.

கடைசியில் டாக்டரம்மா மாத்திரைச் சீட்டில் மண்ணை எழுதிக்கொடுத்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான். துக்கத்துக்குத் தோட்டம், முதுகு வலிக்கு நடனம், எனக்குக் களிமண். பழைய தேவாலயம் ஒன்றில் நடக்கும் கலை அறக்கட்டளை, செவ்வாய்தோறும், பன்னிரண்டு வாரம்.

அதை நடத்துகிறவள் ஃபிலிப்பா. பணம் புழங்கும் தெற்குப் பக்கத்திலிருந்து வந்தவள். நல்ல கம்பளிச் சட்டை, நல்ல பற்கள். நம்மிடம் பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வாள், செத்த வீட்டில் துக்கம் கேட்பதைப் போல. முதல் நாளே ஒரு படிவத்தை நீட்டினாள்.

"உங்க தன்னம்பிக்கை எவ்வளவு இருக்குன்னு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வட்டம் போடுங்க, டியர்."

"பூஜ்யம் இல்லையா?"

"பூஜ்யமே கிடையாது, டியர். யாருமே பூஜ்யம் கிடையாது" என்றாள். சொன்னது அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. உடனே தன் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள். சீ என்று இருந்தது எனக்கு.

படிவத்தின் அடியில், என் கதையைப் பிறரிடம் சொல்லச் சம்மதம், ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்ற கட்டத்தில் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. வாயாலும் சொன்னேன். "என் மூஞ்சியைப் பத்தி ஒரு வரி, ஒரு படம் வெளிய வரக்கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கிறது."

"நிச்சயமா, டியர். இது உங்களுக்குப் பாதுகாப்பான இடம்" என்றாள் தலையைச் சாய்த்து.

ஆறு வாரம் நான் செய்த எதுவும் சூளைக்குப் போகவில்லை. செய்வேன், காயும், அடுத்த செவ்வாய் எடுத்துப் பார்ப்பேன். அடிப்பாகம் தடி, விளிம்பு கோணல், சுவரில் விரல் தடம். த்தூ என்று தரையில் போட்டு உடைப்பேன். சில்லுகள் வாளிக்குப் போகும். வாளி இன்னும் நாறும். கெல்வின் சிப்ஸை மெல்லுவான். ஃபிலிப்பாதான் ஓடி வருவாள். "இங்க தப்புன்னே ஒண்ணு கிடையாது, டியர். எல்லாமே அழகுதான்!" எல்லாமே அழகாம். சாம்பல் கிண்ணத்தைவிடக் கேவலமான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அழகு என்றால், அவள் என்னைப் பார்த்துச் சொல்லும் எந்த நல்ல வார்த்தையை நான் நம்புவது?

பெவ் பொய் சொல்ல மாட்டாள். அதனால்தான் அவளைப் பிடித்தது.

"என்னடி கண்ணு இது, நாய்க்குச் சோறு வைக்கவா?"

"உன்னுது மட்டும்? மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கு."

"குளம்பாவது நாலு கால்ல நிக்கும். உன்னுது நிக்கவே மாட்டேங்குதே."

ஏழாம் வாரம் சக்கரத்தில் ஒரு கிண்ணம் எழும்பிக்கொண்டிருந்தது. முதல்முறையாகச் சுவர் ஒரே கனத்தில் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து பெவ் ஏதோ அசிங்கமான கதையைச் சொல்லிச் சிரித்து என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். கட்டைவிரல் விளிம்பில் மாட்டி, ஓரிடம் கெண்டி மூக்கு மாதிரிக் கீழே இழுத்துக்கொண்டது, அதற்கு வலப்பக்கம் விளிம்பு மேலே எகிறிவிட்டது.

"பாவி! கை விளங்காம போக!" என்று கத்தி, அதை நசுக்கப் போனேன். பெவ் பலகையோடு பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள், அந்த உடம்பை வைத்துக்கொண்டு. எனக்குத் தெரியாமல் அதைச் சூளையில் வைத்து, மெருகும் பூசி, மறுபடி சுட்டு, இரண்டு வாரம் கழித்து என் முன்னால் வைத்தாள். நிறத்தைப் பார்க்கணுமே! சளி பிடித்த குழந்தையின் மூக்கு நிறம்.

"கண்றாவி" என்றேன்.

"கண்றாவிதான். உன்னுதுதானே. டீயை ஊத்திக் குடி."

நான் அங்கே டீ குடித்ததே கிடையாது. எல்லோரும் குடிக்கும்போது கழிவறையில் போய் நிற்பேன். அன்றைக்கு ஃபிலிப்பா இல்லை, கெல்வின் சூளைக்குப் பின்னால் எதையோ குடைந்துகொண்டிருந்தான். பெவ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். துணியை இறக்கிவிட்டு அந்தக் கிண்ணத்தை வாயில் வைத்தேன். தாழ்ந்த மூக்கு, வேலை செய்யும் என் இடது உதட்டுக்கு நேராக வந்து உட்கார்ந்தது. எகிறிய விளிம்பு, தொங்கும் வலது உதட்டை அணைபோட்டு நிறுத்தியது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை மாதிரி டீ நேரே தொண்டைக்குப் போனது. சட்டையைத் தடவிப் பார்த்தேன், ஈரமே இல்லை.

பதினான்கு மாதத்தில் முதல்முறையாகச் சிந்தாமல் குடித்தேன். எனக்கு அழுகை வந்தது. மூக்கு ஒழுகுவது எனக்கே அருவருப்பாக இருந்தது.

"என்னடி, சூடு அதிகமா?" என்றாள் பெவ், திரும்பாமலேயே.

"வாயை மூடு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

அதன்பிறகு நான் எதையும் தரையில் போட்டு உடைக்கவில்லை. வேண்டுமென்றே அதே மூக்கோடு ஒன்று செய்தேன், நல்ல வெள்ளை நிறத்தில். எட்டு முறை செய்து, ஏழை ஈரமாகவே வாளிக்குள் போட்டு, எட்டாவதைத்தான் வைத்துக்கொண்டேன். மூக்கில்லாத சாதாரணக் கிண்ணங்களும் நான்கு வந்தன. தட்டினால் கணீரென்றன. அடியில் ஊசியால் கேய்னர் என்று முழுப் பெயரைக் கீறினேன். இருபத்தாறு வருஷத்தில் என் கை பட்டுப்போன லட்சக்கணக்கான தட்டுகளில் ஒன்றின் அடியிலும் என் பெயர் இருந்ததில்லை.

இங்கே அடிப்பக்கம் என்பது சின்ன விஷயமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே எதைச் சாப்பிட்டாலும் தட்டைக் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. கல்யாணமோ, ஆஸ்பத்திரியோ, அடுத்த நாட்டு ஓட்டலோ, அதெல்லாம் கணக்கில்லை. என் மாமியார் சாவுக்கு வந்த பாதிரியார் அவளைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டம் மொத்தமும் சாஸரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கை தானாகத் திரும்பும்.

பன்னிரண்டாம் வாரம் விருந்து என்று அறிவித்தாள் ஃபிலிப்பா. அறக்கட்டளைக்கு நிதி தருகிற குழுவிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள். எங்கள் கிண்ணத்தில் அவர்களுக்கு சூப், சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நாங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"நான் வரல" என்றேன் பெவ்விடம்.

"வராம? உன் வெள்ளைக் கிண்ணத்தைக் கொண்டா. என் பக்கத்துல உக்காரு. எவனாவது முறைச்சுப் பாத்தா அவன் சூப்புல துப்பிடறேன்."

மூன்று இரவு தூங்கவில்லை. பத்து அந்நியர்களுக்கு முன்னால், துணியில்லாமல், சூப். ஆனாலும் போனேன். அந்தக் கிண்ணம் கையில் இருக்கிறது என்ற ஒரே தெம்பில் போனேன். துணியை மட்டும் மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

நீள மேஜை, வெள்ளை விரிப்பு. லீக் என்கிற பெரிய வெங்காயத்தாளும் உருளைக்கிழங்கும் போட்ட சூப், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ஓட்ஸ் தோசை. எனக்கு எதிரே சாம்பல் நிற கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்தார், அறுபத்தைந்து வயதிருக்கும். வில்ஃப்ரட் என்று பெயர் சொன்னார். பேச்சைக் கேட்டாலே பக்கத்துத் தெருக்காரர் என்று தெரிந்தது. அவர் முன்னால் இருந்தது நான் செய்த சாதாரணக் கிண்ணங்களில் ஒன்று. குனிந்து சாப்பிட்டார். நான் என் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன், இப்போது இறக்கலாம், இப்போது இறக்கலாம் என்று துணியைப் பிடித்தபடி.

அவர் கடைசிச் சொட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றார். பிறகு கை தானாகத் திரும்பியது. கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

மேஜையில் ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர். ஒருவர் செய்ததும் அடுத்தவர், அடுத்தவர். கடகடவென்று கிண்ணங்கள் தலைகீழாயின. மேஜைக் கோடியில் ஃபிலிப்பாவின் முகம் வெளிறியதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஐயோ, இப்போ இல்ல! வீட்டுக்குப் போய்க் கழுவும்போது பாக்கணும்! அது ஒரு சின்ன ஆச்சரியம்..." என்று அரைகுறையாக எழுந்தாள்.

வில்ஃப்ரட் கிண்ணத்தின் அடியை வாசித்துக்கொண்டிருந்தார். என் பெயரை வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நான் கையை நீட்டி அந்தக் கிண்ணத்தை வாங்கினேன்.

நான் கீறிய பெயர்மேல் ஒரு வட்டச் சீட்டு ஒட்டியிருந்தது. பூப்போட்ட ஓரம். 'நான் கேய்னர். என் பாதி முகம் செத்துப்போனது. பதினான்கு மாதம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. களிமண் என் புன்னகையைத் திருப்பித் தந்தது.'

மறுபடி வாசித்தேன். துண்டு போட்ட கண்ணாடியைப் பற்றி நான் பெவ்விடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், ஃபிலிப்பா தேநீர்ப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். புன்னகையாம்! எனக்கு எந்தப் புன்னகை திரும்பி வந்தது?

அதற்குள் அந்தக் கோடியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல், தன் கிண்ணத்துச் சீட்டை உரக்கவே படித்துவிட்டாள். "நான் பெவ். கணவர் இறந்த பிறகு ஒரு வருடம் நான் குளிக்கவில்லை, அக்கம்பக்கத்தார் புகார் சொல்லும்வரை..." பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பெவ்வைத் திரும்பிப் பார்த்தேன். எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல்காரி. தன் கையை மெதுவாக மடிக்குக் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல், சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள்.

அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

எழுந்து மேஜையைச் சுற்றி நடந்தேன். முதல் ஆளிடமிருந்து கிண்ணத்தை வாங்கினேன். கட்டைவிரல் நகத்தால் சீட்டைப் பிய்த்தேன். விரல் முட்டியால் தட்டினேன்.

"முதல் ரகம்" என்று திருப்பிக் கொடுத்தேன். "செஞ்சவர் பேரு அடியில இருக்கு. அது போதும்."

அடுத்தது. பிய்த்தேன், தட்டினேன். "இரண்டாம் ரகம். விளிம்புல கோணல். ஆனா சூப் நிக்கும்." பெவ்வின் கிண்ணத்தைத் தட்டினேன். "இதுவும் இரண்டாம் ரகம். மாட்டுக் குளம்பு. குளிச்சவ செஞ்சதா குளிக்காதவ செஞ்சதான்னு தட்டினா எந்தப் பாத்திரமும் சொல்லாது." யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். பத்துக் கிண்ணமும் முடிந்தபோது என் கையில் சீட்டுகள் ஒரு பிசுபிசுத்த உருண்டையாகியிருந்தன. நீல வாளி சுவரோரமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் போட மனம் வரவில்லை. மண் கெட்டுப்போகும். ஃபிலிப்பாவின் சூப் கிண்ணத்துக்குள் போட்டேன்.

"உடைசல்" என்றேன்.

"நான் முதல் பெயர் மட்டும்தானே போட்டேன்... படம்கூடப் போடலையே, டியர்..."

"தாள் கிழியக் கிழிய இல்லைன்னு கோடு போட்டேன். உனக்குக் கண்ணு இல்லையா? நாங்க அழுறதைப் பாத்து அவங்களுக்குச் சூப் ருசிக்கணுமா? தூ! அந்த வாளி நாறுது, ஆனா நாறுறேன்னு சொல்லிட்டு நாறுது. நீ பூப்போட்டு ஒட்டுறே."

ஃபிலிப்பாவின் கண்ணில் நீர் கோத்தது. கொஞ்சம் வெட்கப்படுகிறாள் போல என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் இரண்டு கையையும் மார்பில் வைத்து, விருந்தாளிகள் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? பன்னெண்டு வாரத்துக்கு முன்னாடி இவங்க வாயையே திறக்கல! இப்போ பாருங்க, எவ்வளவு தன்னம்பிக்கை!"

அவள் கைதட்டினாள். நம்புவீர்களா? கைதட்டினாள். என்ன செய்வதென்று தெரியாத இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டினார்கள். என் கோபத்தையும் எடுத்து ஒரு கிண்ணத்தின் அடியில் ஒட்டிவிட்டாள். அந்தக் கைதட்டல் உடம்பெல்லாம் எச்சில் பட்டதைப் போல இருந்தது.

"இதுக்கு எத்தனை மார்க்கு? பத்துக்குப் பத்தா?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன், கழுத்துத் துணி என் மேல் இல்லை. நாற்காலியின் கீழே கிடந்தது. எழுந்தபோதே விழுந்திருக்கிறது. இவ்வளவு நேரமும் இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் மேஜையைச் சுற்றி வந்திருக்கிறேன். பத்துப் பேரும் பார்த்துவிட்டார்கள். குனிந்து எடுக்கலாம். ஆனால் பசித்தது. கோபப்பட்டால் எனக்கு எப்போதும் பசிக்கும்.

வெள்ளைக் கிண்ணத்தை எடுத்து அதன் மூக்கை வாயில் வைத்துக் குடித்தேன். சூப் ஆறிப்போயிருந்தது. பாதியில் ஒரு சொட்டு வலது ஓரம் வழிந்து தாடைக்கு வந்தது.

"ஒழுகுதுடி" என்றாள் பெவ்.

"ஒழுகட்டும்."

குடித்து முடித்துக் கவிழ்த்து வைத்தேன். விரிப்பெல்லாம் சொட்டியது. அடியில் என் பெயர் இருந்தது.

மற்றவர்கள் கோட்டை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கிளம்பினார்கள். வில்ஃப்ரட் மட்டும் போகவில்லை. என் கிண்ணத்தைக் காட்டி, "பாக்கலாமாம்மா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒருவர் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்க அனுமதி கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலையாட்டினேன். அவர் முத்திரையைப் பார்க்கவில்லை. நிமிர்த்தி, மூக்கையும் எகிறிய விளிம்பையும் விரலால் மாறி மாறித் தடவினார்.

"என் வீட்டம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். "அப்புறம் எங்கூட உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டதில்ல. எனக்குப் போட்டுட்டு உள்ள போயிடுவா. சமையலறையில சுவரைப் பாத்துக்கிட்டு நின்னு சாப்பிடுறா. நான் போனா கோப்பையைக் கீழ வச்சிடுறா." கிண்ணத்தை லேசாக உயர்த்தினார். "இந்த மாதிரி ஒண்ணு..."

"எந்தப் பக்கம்?" என்றேன்.

அவர் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அடுத்த மாசம் முதல் செவ்வாய் வாங்க. இங்க உள்ள வரவேண்டாம், வாசல்ல நில்லுங்க. சீட்டு கீட்டு எதுவும் இருக்காது."

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. என் கிண்ணம் எனக்கானது, வலது பக்கம் சரிந்தவளுக்கு. இடது பக்கம் சரிந்தவளுக்கு எல்லாம் மாறி வர வேண்டும். காகிதத்தில் வரைந்து பார்த்தேன், சரிப்படவில்லை. ஒரு நூல் பிசகினாலும் அந்த அம்மாவின் மார்பில் வழியும், அவள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். இரண்டாம் ரகமாக ஒன்றைச் செய்து கொடுக்க எனக்குக் கை வராது.

கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். துண்டில் பதினான்கு மாதத் தூசி. இழுத்ததும் தும்மல் வந்தது. கண்ணாடிக்குள் வலம் இடமாக மாறி, ஒருத்தி இடது பக்கம் சரிந்த முகத்தோடு, கையில் கிண்ணத்தோடு நின்றாள். அழகு என்று சொல்ல நான் என்ன ஃபிலிப்பாவா? ஆனால் அவள் எப்படிக் குடிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். குடித்துக் காட்டினாள். அவளுடைய கிண்ணத்தின் மூக்கு எங்கே இருக்கிறது, விளிம்பு எங்கே எழும்புகிறது என்று கண்ணாடியின் மேலேயே கண்மைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இன்னொரு தரம் குடிக்கச் சொன்னேன், குறி சரியாக இருந்தது.

பன்னிரண்டு வாரம் முடிந்திருந்தும் செவ்வாய்க்கிழமை போனேன், கெல்வின் உள்ளே விட்டான், வாளியைத் திறந்தேன். குடலைப் பிடுங்குகிற நாற்றம். முழங்கை வரை கையை விட்டேன்.